கலியமூர்த்தி அண்ணனின் வலது கால்

1. மூன்றாவது தடவை

நான் வேலை பார்த்தது ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் சுகர் ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டில். பெயரை எழுதவில்லை. இதில் சொல்லப்போகிற தப்பு என்னுடையது, அவர்களுடையது இல்லை. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்பக்கம் ஒரு மாடியை எடுத்து லேப் வைத்திருந்தார்கள். 2005 ஜூனில் ஃபீல்டு டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் பதினைந்து வருஷம் கடலூரில் தனியார் லேபில் ரத்தம் எடுத்தவள். எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற தெனாவட்டு கொஞ்சம் இருந்தது.

முதல் நாள் ப்ராஜெக்ட்டின் தலைவர் பத்மா மேடம், "செருப்பைக் கழட்டிட்டு அந்த ஸ்டூல்ல உக்காருங்க மேரி" என்றார். உட்கார்ந்தேன். ஒரு பேனாவின் முனையில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி விரற்கடை நீளத்துக்கு நைலான் நூல் நீட்டிக்கொண்டிருக்கும் கருவி ஒன்றைக் காட்டினார். மோனோஃபிலமென்ட் என்று பெயர். நாங்கள் எல்லோரும் நூல் என்றுதான் சொல்வோம். அந்த நூலை உள்ளங்காலில் வைத்து, அது லேசாக வளையும் வரை அழுத்த வேண்டும். நல்ல காலுக்கு அந்த அழுத்தம் தெரியும். சுகரால் நரம்பு செத்த காலுக்குத் தெரியாது.

"கண்ண மூடிக்கங்க. தெரிஞ்சா சொல்லுங்க."

பெருவிரலில் தொட்டார். "தெரியுது" என்றேன். நடுவில் தொட்டார். "தெரியுது." கொஞ்சம் பொறுத்து, "இப்ப?" என்றார். "தெரியுது" என்றேன்.

"மூணாவது தடவ நான் தொடவே இல்ல மேரி" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேடம் சிரிக்கவில்லை. "தப்பில்ல. எல்லாரும் பாஸ் பண்ணத்தான் பாப்பாங்க. அதனாலதான் நடுநடுவுல தொடாமலே கேக்கணும். அத விட்டுட்டா இந்த நூலுக்கு மதிப்பே இல்ல" என்றார்.

சுகர் ஒருத்தருக்குக் கண்ணைப் பிடிக்கிறது, ஒருத்தருக்குக் கிட்னியைப் பிடிக்கிறது, ஒருத்தருக்குக் காலைப் பிடிக்கிறது. ஒரே அளவு சுகர் இருந்தும் ஏன் இப்படி என்பதுதான் ஆராய்ச்சி. கடலூர், குறிஞ்சிப்பாடி, மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து சுகர்காரர்களைப் பெயர் எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்று ரத்தம், மூன்று மாத சராசரி சுகர், யூரின், கடைசியில் கால் பார்க்க வேண்டும். கால் மரத்தவர்களை, காலுக்கென்றே இருக்கிற ஃபுட் கிளினிக்குக்கு அனுப்புவோம். அங்கே மெத்தென்ற செருப்பு கொடுப்பார்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, தினமும் காலை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்கு அடுத்த வருஷம்தான்.

2. ஏழே கால் வண்டி

என் வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். விடிந்ததும் நாலைந்து வீட்டில் ரத்தம் எடுத்து, ஐஸ் பாக்ஸில் வைத்து, ஏழே கால் பிரைவேட் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குள் சிதம்பரம் லேபில் கொடுத்துவிடலாம். அந்த பஸ்ஸின் டிரைவர்தான் கலியமூர்த்தி. என்னைவிட ஆறேழு வயது பெரியவர். அண்ணே என்று கூப்பிடுவேன். என்னை மேரிம்மா என்பார்.

முதல் நாள் ஐஸ் பாக்ஸை, டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கிற பானட் ஓரமாக வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "அங்க வெக்காதீங்கம்மா. பானட் சூடு ஜாஸ்தி. ஆலப்பாக்கம் போறதுக்குள்ள ஐஸ் தண்ணியாயிடும்" என்று சொல்லி, தன் சீட்டுக்குப் பின்னால் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதிலிருந்து அது என் பாக்ஸின் இடம். வேறு யாராவது மூட்டையை வைத்தால், "ரத்தம் வெக்கற எடம் அது, எடுங்க" என்பார்.

ஒரு மாதம் கழித்து அவரே கேட்டார். "எனக்கும் சக்கரை இருக்குது மேரிம்மா. எட்டு வருஷமாவுது. என்னயும் உங்க லிஸ்ட்டுல எழுதிக்குவீங்களா?"

எழுதிக்கொண்டேன். முதல் வருஷம் திருவந்திபுரத்தில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவர் மனைவி அஞ்சலாட்சி காபி போட்டுக் கொடுத்தது. இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். அன்றைக்குக் கண்ணை மூடச் சொல்லி, நடுவில் தொடாமல் கேட்டு, எல்லாம் முறையாகச் செய்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுகர் நிறைய இருந்தது. "சோறு ஓட்டல்ல, தூக்கம் வண்டியில. எப்படிங்க கொறையும்?" என்று அஞ்சலாட்சிதான் சொன்னது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

3. சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட்

2008 என்று நினைவு. அது அவருக்கு நான்காவது வருஷப் பரிசோதனை. வீட்டில் ஆள் கிடைப்பதில்லை. ட்ரிப் அதிகம். "பஸ் ஸ்டாண்டுலயே பாத்துடுங்க, பத்து நிமிஷம் கேப் இருக்குது" என்றார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், வண்டியின் பின் படிக்கட்டில் உட்கார வைத்தேன். ரத்தம் எடுத்தேன். அடுத்தது கால்.

"கண்ண மூடிக்கங்கண்ணே."

மூடினார். பெருவிரலில் நூலை வைத்தேன். பேசாமல் இருந்தார். இன்னும் ஒரு தடவை வைத்தேன். "தெரியுது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். இமைக்கு நடுவில் கண் கொஞ்சம் திறந்திருந்தது. அடுத்த இடத்துக்குப் போகாமல், கையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, "இப்ப?" என்றேன்.

"தெரியுது."

நூல் பிடித்த கையைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணை முழுக்கத் திறந்தார். சுற்றி ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"மேரிம்மா, ஹெவி லைசென்ஸ் ரெனிவல் வருது. டாக்டர் சர்டிபிகேட் குடுக்கணும். காலு மரத்துப்போச்சுன்னு எங்கயாவது ஒரு காயிதத்துல வந்துச்சுன்னா நான் இந்த சீட்ல உக்கார முடியாது."

"இது உங்க ஓனருக்குப் போவாதுண்ணே. லைசென்ஸ் ஆபீசுக்கும் போவாது. ஆராய்ச்சிக்கு மட்டும்தான். உங்கள கிளினிக்குக்கு அனுப்புவாங்க, அவ்வளவுதான்."

"கிளினிக்குல போயி நானு வரிசையில உக்காந்திருந்தா எத்தன கண்டக்டர், எத்தன டிரைவர் பாப்பான்? பெரிய பொண்ணுக்கு நர்சிங் சீட்டு இப்பதான் கெடச்சிருக்குது. இன்னும் மூணு வருஷம் ஓட்டிட்டன்னா போதும்."

"பெடல் தெரியுதாண்ணே?"

"பெடலக் காலால ஓட்டல மேரிம்மா. எஞ்சின் சத்தத்துல ஓட்டறேன். இருவத்திரெண்டு வருஷம். ஒரு நாய அடிச்சிருப்பனா நானு?"

எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது. அவளையும் அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தேன். அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு நான் நினைத்தது எல்லாம் அவர் வேலையைத்தான். காலை நினைக்கவில்லை. ஃபார்மில் காலுக்கு ஐந்து என்று இருந்த பத்து இடத்துக்கும் டிக் போட்டேன். வலது கால், தெரிகிறது. இடது கால், தெரிகிறது. கீழே என் கையெழுத்து.

அவர் நான் டிக் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய் ஹாரன் அடித்தார்.

அன்றிலிருந்து பஸ்ஸில் அவர் கால் தெரியாத சீட்டாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்ததைப் பார்க்காமல் இருக்கிற இடமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

4. பழக்கம்

இப்போது ப்ராஜெக்ட்டில் சேருகிற பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தே தப்பாக எழுதினேன். அதோடு நின்றிருந்தால் ஒரு ஃபார்மோடு போயிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு யார் காலைத் தொட்டாலும், தொடாமல் கேட்கிற அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. கேட்டால் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று விட்டேன். பிறகு வெயில், நேரமாகிறது, அடுத்த வீடு தூரம் என்று காரணம் தானாக வந்தது. கண்ணை மூடச் சொல்வதும் போயிற்று. ஆட்கள் என் கையைப் பார்த்துக்கொண்டே "தெரியுது, தெரியுது" என்றார்கள். நானும் எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு நாளைக்குப் பத்து வீடு முடித்தேன். மற்ற டெக்னீஷியன்கள் ஆறு வீடு தாண்டவில்லை. மீட்டிங்கில் மேடம் என்னைப் பாராட்டினார். நானும் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

ரேவதி என்று ஒரு பெண் எங்களிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அவள் தீஸிஸே கால் மரப்பைப் பற்றித்தான். என் ஃபார்ம்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, உங்க ஏரியாவுல மட்டும் கால் மரப்பு ரொம்பக் கம்மியா வருது. சாப்பாட்டுல ஏதாவது இருக்குமா? மீனு ஜாஸ்தி சாப்பிடறதாலயா?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் மின்னியது.

"இருக்கும்மா" என்றேன்.

5. வாடை

2010 கோடை. ஒரு வாரமாக ஏழே கால் வண்டியில் வேறு டிரைவர். கண்டக்டரைக் கேட்டேன்.

"கலியமூர்த்தி அண்ணன பெரிய ஆசுபத்திரியில சேத்திருக்காங்கக்கா. காலு."

சாம்பிளை லேபில் கொடுத்துவிட்டு, லீவு சொல்லி, திரும்பிக் கடலூர் வந்தேன். வார்டு வாசலில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னது.

பானட்டை மூடியிருந்த ரெக்சின் மெத்தை கிழிந்து ஒரு மாதமாகியிருக்கிறது. ஓட்டும்போது அவர் செருப்பைக் கழற்றிவிடுவார். ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புத் தகடு கொதிக்கும். வலது காலின் உள்பக்கம் அதில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் வந்ததும் தெரியவில்லை. உடைந்ததும் தெரியவில்லை.

"நாலு நாளா வூட்டுல ஒரு வாடை மேரிம்மா. எலி செத்துக் கெடக்குதுன்னு நெனச்சிட்டேன். பீரோவ நவுத்தினேன். அரிசி மூட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டேன். சின்னவ ஓட்டு மேல ஏறிப் பாத்தா. எங்கயும் இல்ல. அஞ்சாம் நாளு அவரு குளிச்சிட்டு வந்து காலத் தூக்கி நாற்காலியில வெச்சாரு. அப்பதான் தெரிஞ்சிது, வாடை எங்கேர்ந்து வருதுன்னு."

அஞ்சலாட்சி இந்த இடத்தில் நிறுத்தி, தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தது.

"இத்தன பெரிசு மேரிம்மா. உள்ள எலும்பு தெரியுது. அவரு என்னடான்னா 'என்னா அஞ்சல, அப்படிப் பாக்கற?'ங்கறாரு."

மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுகர் முந்நூறுக்கு மேல் இருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள்.

6. வார்டில்

ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள் அவரைத் தனியாகப் பார்க்க முடிந்தது. அஞ்சலாட்சி கஞ்சி வாங்கப் போயிருந்தது. போர்வை வலது பக்கம் பாதியில் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் அன்னைக்கு எழுதியிருக்கணும்" என்றேன்.

"நீங்க எழுதியிருந்தாலும் நான் கிளினிக்குக்குப் போயிருக்க மாட்டேன் மேரிம்மா."

அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் அவரே கேட்டார்.

"இதால உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினேன். 

"ஒரே ஒரு விசயம். அஞ்சலாட்சிகிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு முன்னாடியே தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. காலு போனதுகூட அவளுக்குப் பெருசில்ல. நான் மறச்சன்ல, அதத் தாங்க மாட்டா."

சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷம் இருந்தார். செயற்கைக் கால் அளவு எடுத்தார்கள். மாட்டிக்கொண்டு நடக்க அவருக்கு மனசு வரவில்லை. பஸ் போகிற சத்தம் கேட்டால் வண்டி நம்பரைச் சொல்வார் என்று அஞ்சலாட்சி சொன்னது. கிட்னியும் கெட்டிருந்தது. 2011 ஆகஸ்டில் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்றார்கள். பெரிய பெண் அப்போது நர்சிங் கடைசி வருஷம்.

ப்ராஜெக்ட்டில் ஒருவர் இறந்தால் அதற்கு ஒரு ஃபார்ம் உண்டு. காரியமெல்லாம் முடிந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு திருவந்திபுரம் போனேன். தேதி, நேரம், காரணம், கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை. அஞ்சலாட்சி ஒவ்வொன்றாகச் சொன்னது. எழுதினேன். அவருக்குக் கொடுத்த வாக்கைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

7. மேடம் முன்னால்

செப்டம்பரில் ரேவதி, ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த தன் கட்டுரையின் நகலை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போட்டு முதல் பெயராக என் பெயர். "ஆன்ட்டி, நீங்க இல்லன்னா இந்த டேட்டாவே இல்ல" என்றாள்.

அதை வாங்கிக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். பஸ் ஸ்டாண்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

 முடித்ததும் மேடம் கேட்டார். "எத்தன பேரு?"

"2008 நடுவுலேர்ந்து நான் பாத்த எல்லாருமே மேடம்."

"ஒருத்தருகிட்டகூட தொடாம கேக்கலையா?"

"இல்ல மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க ஏரியாவுல கால் மரப்பு கம்மின்னு எழுதியிருக்கோம் மேரி. இத நாளைக்கு ஒரு டாக்டர் படிச்சிட்டு, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குக் காலப் பாக்க வேண்டியதில்லன்னு விட்டுட்டா?"

என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் அனுப்பவில்லை. "உங்க ஃபார்ம் எல்லாத்தயும் தனியா எடுத்து வைங்க. கட்டுரைய நிறுத்திடறேன். பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதறேன். ஆனா அத்தன காலயும் நீங்கதான் திரும்பப் போயிப் பாக்கணும். ரேவதி கூட வருவா, ஒவ்வொண்ணயும் அவ சரிபாப்பா" என்றார்.

ரேவதிக்குத் தீஸிஸ் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போயிற்று. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவும் தள்ளிப்போயிற்று. விஷயம் தெரிந்த அன்று அவள் என்னைத் திட்டவில்லை. பாத்ரூமில் போய் ரொம்ப நேரம் இருந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்னு தோணுது ஆன்ட்டி. அப்படித் தோணுதேன்னு எனக்கே வெக்கமா இருக்குது."

அதற்குப் பிறகு அவள் என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள்.

8. புயலுக்குப் பிறகு

மேலிடத்து அனுமதி வந்து, லிஸ்ட் எடுத்து, திரும்பக் கிளம்புகிற சமயத்தில், டிசம்பர் கடைசியில், 'தானே' புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் வரப் பல நாளாயிற்று. இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது போக வேண்டாம் என்று மேடம் சொன்னார். நான்தான் போகிறேன் என்றேன். சாலை முழுக்கக் கூரை ஷீட்டுத் துண்டும் ஆணியுமாகக் கிடந்தன. அதில் மரத்த காலோடு நடக்கிறவர்கள் யார் என்று எனக்கே தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

2012 ஜனவரியில் ரேவதியும் நானும் வீடு வீடாகப் போனோம். ஜனங்கள் கோபப்பட்டார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருவர், "வூட்டுக்குக் கூரையே இல்ல. நீங்க கால்ல நூலு குத்த வந்துட்டீங்களா?" என்றார். பதில் சொல்லாமல் அவர் வீட்டு ஷீட்டைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தோம். அப்புறம் உட்கார்ந்து காலை நீட்டினார்.

குறிஞ்சிப்பாடியில் ராஜகுமாரி என்று ஓர் அம்மா. இட்லிக் கடை வைத்திருந்தது. மூன்று வருஷமாக என் ஃபார்மில் அதற்குக் கால் நன்றாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லி நூலை வைத்தேன். பேசாமல் இருந்தது. அடுத்த இடம். பேசவில்லை. தொடாமல், "இப்பம்மா?" என்றேன்.

"தெரியுது."

ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். குதிகாலில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு. வாசலில் கிடந்த ஹவாய் செருப்பை எடுத்துத் திருப்பினாள். அடியில் ஷீட்டு ஆணி ஒன்று ஏறி, முனை மேல்பக்கம் வந்திருந்தது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ஷேர் ஆட்டோ பிடித்து இருவருமாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். சீழ் எடுத்துக் கட்டுப்போட்டார்கள். ஆறுவதற்கு இரண்டு மாதமாயிற்று. கால் பிழைத்தது. அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ரேவதி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நல்ல வேள சொன்னீங்க ஆன்ட்டி" என்றாள். நான் "ம்" என்றேன்.

ராஜகுமாரியைப் போல இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது ரேவதியின் தீஸிஸில் இருக்கிறது. இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. மீன் சாப்பிட்டதாலெல்லாம் எங்கள் பக்கத்துக் கால்கள் தப்பிக்கவில்லை. மற்ற ஊர்களைப் போலத்தான் எங்கள் ஊரும்.

9. திருவந்திபுரம்

ஏப்ரலில் லிஸ்ட் முடிந்தது. கடைசிப் பெயரை அடித்துவிட்டுத் திருவந்திபுரம் போனேன். போகும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கப் போகிறோம் என்பது ஒரு பக்கம். இருக்கிறவளிடம் பொய்யை விட்டுவைத்திருக்கிறோம் என்பது ஒரு பக்கம். இறந்தவரைவிட இருக்கிறவளுக்குத்தான் கடன் பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. சரியா தப்பா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அஞ்சலாட்சி வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தது. பெரிய பெண்ணுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் போய் நான் இதைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு, படிக்கட்டு, இமை நடுவில் திறந்திருந்த கண், அவர் போக மறுத்த கிளினிக், அங்கே வீட்டு ஆளையும் கூப்பிடுவார்கள் என்பது, நான் போட்ட டிக், ஆஸ்பத்திரியில் அவர் கேட்டுக்கொண்டது. ஒன்றையும் விடவில்லை.

அஞ்சலாட்சியின் கை புளியிலேயே இருந்தது. கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டது. இன்னொரு கொட்டையை எடுத்துப் போட்டது. திட்டும், எழுந்து போகச் சொல்லும் என்று காத்திருந்தேன்.

"அந்த கிளினிக்குல வூட்டு ஆளயும் கூப்பிடுவாங்கன்னு சொன்னீங்களே, எதுக்கு?"

"தெனமும் காலத் திருப்பிப் பாக்கச் சொல்லித் தருவாங்க அண்ணி. அவுங்களுக்கு வலி தெரியாதில்ல. அதனால வூட்டுல ஒருத்தர் பாக்கணும்."

"தெனமும் பாத்தா தெரிஞ்சிருக்குமா? அந்தக் கொப்புளம்?"

"தெரிஞ்சிருக்கும்."

"கொப்புளமா இருக்கையிலயே பாத்திருந்தா காலு நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும் அண்ணி."

அஞ்சலாட்சி புளித் தட்டைக் கீழே வைத்தது. முந்தானையில் கையைத் துடைத்தது. குரல் உயரவே இல்லை.

"அவரு தூங்கறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன் மேரிம்மா. டிவி பாத்துக்கிட்டு. என் கைக்கு எட்டற தூரத்துல அவரு காலு. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா தெனம் பாத்திருப்பேன். அதுல எனக்கு என்னா செலவு, என்னா கஷ்டம்? அவரு உங்கள ஏமாத்தல. நீங்களும் அவர ஏமாத்தல. ரெண்டு பேரும் சேந்து என்னத்தான் ஏமாத்திட்டீங்க."

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். பிறகு கெடிலம் பாலம் வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அஞ்சலாட்சி என்னோடு பேசவில்லை. பெரிய பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. வரும் என்று நானும் நினைக்கவில்லை.

ரிட்டையரான பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பிள்ளைகளுக்கு நூல் பிடிக்கச் சொல்லித்தரக் கூப்பிடுகிறார்கள். கண்ணை மூடச் சொல்ல வேண்டும், தொடாமல் கேட்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கு நான் வேண்டாம். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். காலில் உணர்ச்சி போனதை ஒருவர் உங்களிடம் மறைக்கப் பார்த்தால், அவருக்கு இரக்கப்படுவதாக நினைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து மறைக்காதீர்கள். அவருக்கு ஆயிரம் பயம் இருக்கும், எல்லாம் நியாயமான பயம்தான். பக்கத்தில் உட்காருங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், பேசுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சம்மதிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போங்கள். சம்மதித்ததும் அவர் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து, அந்தக் காலை அந்த வீட்டு ஆளின் கையில் எடுத்துக் கொடுங்கள்.

எனக்கு அதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. நான் டிக் போட்டேன்.